முன்னைக்கு இது பரவாயில்லை

மச்சினன் தன் சாவி வெட்டும் மெஷினை விலை பேசிவிட்டான் என்ற செய்தி வந்தபோது, தராசு சார் ஒரு கிலோ எடைக்கல்லைக் குப்புறக் கவிழ்த்து அதன் அடிவயிற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

எடைக்கல்லின் அடியில் ஒரு குழி இருக்கும். குழிக்குள் ஈயம் இருக்கும். ஈயத்தின் மேல் அரசாங்க முத்திரை இருக்கும். இந்தக் கல்லிலும் முத்திரை இருந்தது, தகடு கனத்துக்கு ஈயமும் இருந்தது. அதற்குக் கீழே முழுக்க மெழுகு.

"ஏங்க, நான் பேசறது கேக்குதா இல்லையா?" என்றாள் மனைவி போனில்.

"கேக்குது. மெழுகு வெச்சிருக்கான்."

"யாரு, என் தம்பியா?"

"தம்பி இல்ல. மளிகைக் கடைக்காரன்."

"அவன் மெழுகு வெச்சா என்ன, மண்ணு வெச்சா என்ன? என் தம்பி மெஷினை வித்து மேகக் காயின் வாங்கப் போறானாம். வர்ற ஞாயித்துக்கிழமை ஆளு வந்து தூக்கிட்டுப் போயிடுமாம். அந்த மெஷினு போச்சுன்னா அவன் வீட்டுல அடுப்பு எரியாது. ஊருல இருக்கற தராசையெல்லாம் நிமித்தறீங்க, வீட்டுல ஒருத்தன் சாயறான், அது கண்ணுக்குத் தெரியல!"

போன் வைக்கப்பட்டது. வைக்கப்பட்ட சத்தம் மேசைக்கு அந்தப்பக்கம் வரை கேட்டது. அங்கே உதவியாளர் அம்மா பித்தளை எடைகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கடைத் தராசுகளைச் சோதிக்கும் அந்த அரசு அலுவலகத்தில் இருந்ததே இரண்டு பேர். சார் முத்திரை போடுவார், அம்மா வரிசையை ஒழுங்குபடுத்துவார். சாரின் பதவிக்கு நீளமான ஒரு பெயர் உண்டு. அது பெயர்ப்பலகையில் மட்டும் இருந்தது. ஊருக்கு அவர் தராசு சார்.

"காயினா சார்?" என்றார் அம்மா.

"ஆமாம்மா. ஆகாசத்துல இருக்குற காசாம்."

"கீழ எப்ப விழுமாம்?"

அதுதான் தராசு சாருக்கும் தெரியவேண்டியிருந்தது.

*

சோதிக்காத கடையில் தராசு சார் உட்காரமாட்டார். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் மழைக்கு ஒரு கடை வாசலில் ஒதுங்கி நின்றார். மழை விட்டுத் திரும்பிப் பார்த்தால் கடைக்குள் கூட்டம் நெரிந்துகொண்டிருந்தது. "சீல் போடறவரே இங்கதான் வாங்கறாரு" என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அந்தக் கடைக் கல்லில் ஐம்பது கிராம் குறைந்தது. அன்றிலிருந்து மழை வந்தால் அவர் நனைந்துகொண்டே போவார்.

மச்சினன் வைத்திருந்தது பூட்டு சாவிக் கடை. அங்கே தராசு கிடையாது. அதனால் அங்கே மட்டும் தாராளமாக உட்காருவார்.

"வாங்க மாமா. அக்கா அனுப்பினாளா?"

"நானா வந்தேன். அந்தக் காயினைக் கொஞ்சம் காட்டு மாப்ள."

மச்சினன் செல்போனை நீட்டினான். திரையில் ஒரு கோடு மலையேறிக்கொண்டிருந்தது.

"இது படம். காயினைக் கையில குடு."

"அது கையில வராது மாமா."

"கையில வராததை எதுல வெச்சு நிறுக்கறது?"

"நிறுக்கவேண்டியதே இல்ல. அதான் அதுல விசேஷம்."

இருபத்தாறு வருஷ வேலையில் 'நிறுக்கவேண்டியதே இல்லை' என்று சொன்ன ஒவ்வொரு ஆளிடமும் ஏதோ ஒன்று குறைந்திருந்தது.

"ஊருக்கெல்லாம் பூட்டு விக்கறே. உன் பணத்துக்கு ஒரு பூட்டு போட்டியா?"

"மாமா, உங்களுக்கு எடைக்கல்லு மேலயே நம்பிக்கை கிடையாது. கல்லே சும்மா கிடக்கும், அதையே சந்தேகப்படுவீங்க. சரி, ஒண்ணு செய்வோம். குரூப்புல உங்களைச் சேத்துவிடறேன். தொள்ளாயிரம் பேர் இருக்கோம். நீங்களே தலைவர்கிட்ட கேள்வி கேளுங்க. அவரால பதில் சொல்ல முடியலேன்னா மெஷினை விக்கல."

"சத்தியமா?"

"சாவி மேல சத்தியம்."

அங்கேயே சேர்த்துவிட்டான். மேகக் காயின் குடும்பம் என்பது குழுவின் பெயர். தொள்ளாயிரம் வட்டங்களில் பூவும் சிங்கமும் சூரிய உதயமுமாக இருந்தன. நடுவில் தராசு சாரின் படம் தனியாகத் தெரிந்தது. புதிய பித்தளை எடைகள் வந்த அன்று உதவியாளர் அம்மா எடுத்த படம் அது. சீருடை, பின்னால் அலுவலகப் பெயர்ப்பலகை, கையில் ஐந்து கிலோ எடை. எடையைக் கைக்குழந்தையை ஏந்துவதுபோல ஏந்தியிருந்தார்.

*

அன்று மாலையே முதல் கேள்வியைப் போட்டார். அலுவலகக் கடிதம் எழுதுகிற அதே நடையில், எண் போட்டு எழுதினார். ஒன்று, இந்தக் காயினை வெளியிடுவது யார்? இரண்டு, பதிவு எண் என்ன? மூன்று, அலுவலகம் எந்தத் தெருவில் இருக்கிறது?

உடனே துரத்திவிடுவார்கள் என்று எதிர்பார்த்தார். துரத்திவிட்டால் மச்சினனுக்குப் புரிந்துவிடும். வேலை முடிந்தது.

துரத்தவில்லை. கைதட்டல் பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. அதன்பிறகு, 'வழிகாட்டி' என்ற பெயரில் இருந்த தலைவர் எழுதினார்: "அருமையான கேள்விகள் அய்யா. கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறவர்களால் எங்களுக்கு என்ன பயன்? உங்களைப் போன்ற ஒருவருக்காகத்தான் இந்தக் குடும்பம் இத்தனை நாள் காத்திருந்தது."

இவ்வளவு மரியாதையாகத் தராசு சாருக்கு இதுவரை ஒரு வியாபாரியும் பதில் சொன்னதில்லை. எடைக்கல்லைக் கையில் எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள்தான் அவருக்குப் பழக்கம்.

மறுநாள் காலையில் ஒரு சான்றிதழ் வந்தது. தராசு சார் அதைப் பெரிதாக்கி, பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அரைமணி நேரத்தில் ஏழு குறைகள் கிடைத்தன. கம்பெனி பிறப்பதற்கு ஒரு வருஷம் முன்பே சான்றிதழ் பிறந்திருந்தது. முத்திரையில் எண் இல்லை. வட்ட முத்திரை முட்டை வடிவத்தில் இருந்தது. மூன்று அதிகாரிகள் ஒரே கையால் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். கதவு எண் பூஜ்யம்.

ஏழையும் வரிசையாக எழுதி, "ஆகவே இது போலி" என்று முடித்து அனுப்பினார். அனுப்பிவிட்டு, அம்மாவிடம் சந்தோஷமாகத் தேநீர் கேட்டார்.

"முடிஞ்சுதா சார்?"

"முட்டையை உடைச்சுட்டேம்மா."

இரண்டு நாள் கழித்துப் புதிய சான்றிதழ் வந்தது. "அலுவலகத்தில் அவசரத்தில் பழைய மாதிரிப் பிரதியை அனுப்பிவிட்டார்கள். சுட்டிக்காட்டிய அய்யாவுக்கு நன்றி" என்று வழிகாட்டி எழுதியிருந்தார். தராசு சார் மறுபடி பூதக்கண்ணாடியை எடுத்தார். தேதி சரி. எண் இருந்தது. கையெழுத்து மூன்றும் மூன்று தினுசு. ஒன்று இடதுகைக்காரர் போட்டது மாதிரிகூட இருந்தது. முத்திரை மட்டும், அடடா, நாணயத்தை வைத்து வரைந்தது போல அத்தனை வட்டம்.

ஒரு முத்திரை வட்டமாக விழுவது எத்தனை கஷ்டம் என்று முத்திரை போடுகிறவனுக்குத்தான் தெரியும். சுத்தியல் ஒரு நூல் சாய்ந்தால் போயிற்று. அந்தத் தொழில் பாசத்தில், விரல் தன்னால் எழுதிவிட்டது:

"முன்னைக்கு இது பரவாயில்லை."

அனுப்பிய பிறகுதான் தலையில் அடித்துக்கொண்டார். அதற்குள் வழிகாட்டி அந்த ஒரு வரியை எடுத்துக் குழுவின் உச்சியில் குத்திவைத்துவிட்டார். யார் குழுவைத் திறந்தாலும் முதலில் அதுதான் தெரியும். எடையை ஏந்திய படம், பக்கத்தில் 'முன்னைக்கு இது பரவாயில்லை.'

*

தராசு சார் மறுப்பு எழுதினார். பரவாயில்லை என்றால் போலி நன்றாக இருக்கிறது என்றுதான் பொருளே தவிர, அசல் என்று பொருளில்லை என்று ஒன்றரைப் பக்கம் எழுதினார். அதற்கும் கைதட்டினார்கள்.

"அய்யாவோட நேர்மையைப் பாருங்க" என்றது ஒரு சிங்கம்.

"இப்படிக் கேள்வி கேட்க விடற குரூப்பு வேற எங்க இருக்கு?" என்றது ஒரு சூரிய உதயம்.

தொள்ளாயிரம் பேர் ஆயிரத்து நானூறு ஆனார்கள். குழுவில் மச்சினன் மட்டும் வாயே திறக்கவில்லை. தினமும் அலுவலகம் முடிந்ததும் தராசு சார் பூட்டுக் கடை வாசலில் ஒரு நிமிஷம் நிற்பார். மெஷின் இருக்கிறதா என்று பார்ப்பார். இருக்கும். மச்சினன் சிரிப்பான், இவரும் சிரிப்பார், போய்விடுவார். வழிகாட்டியைப் பதில் சொல்ல முடியாமல் மடக்கிய பிறகு பேசிக்கொள்ளலாம் என்று ஒரு வைராக்கியம்.

வியாழக்கிழமை மெஷின் மேல் ஒரு துணி போர்த்தியிருந்தது. பிணத்தைப் போர்த்தியது போல இருந்தது தராசு சாருக்கு.

"தம்பி என்ன சொல்றான்?" என்று மனைவி இரவுச் சாப்பாட்டின்போது கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லல."

"நீங்க என்ன பண்றீங்க?"

"கேள்வி கேக்கறேன்."

"கேட்டு?"

"பதில் வருது. அதுதான் பிரச்சனை."

அன்றைக்கே வழிகாட்டி அவரைக் குழுவுக்கு நிர்வாகியாக்கினார். "அய்யா கையில் கத்தரிக்கோலைக் கொடுக்கிறோம். எது பொய்யோ அதை வெட்டட்டும்."

தராசு சார் மறுநாள் காலையில் அம்மாவிடம் ஆலோசனை கேட்டார்.

"வேணாம்னு சொல்லிடுங்க சார். திருடன் வீட்டுச் சாவி நம்ம இடுப்புல எதுக்கு?"

"உள்ள இருந்தாத்தானேம்மா பொய்யை அழிக்க முடியும்?"

"சாக்கடைக்குள்ள எறங்கிக் கூட்டறேங்கறீங்க."

"யாராவது கூட்டணுமில்ல?"

"கூட்டினா சாக்கடை போயிடாது சார். சுத்தமான சாக்கடையா ஆயிடும்."

அம்மா சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நிர்வாகியாகிவிட்டார். பத்து நாளில் பத்து மடங்கு என்று வந்ததை அழித்தார். ஒரே வாரத்தில் வீடு வாங்கினேன் என்றவனின் செய்தியை அழித்தார். வாடகைக் காரின் மேல் சாய்ந்து நின்ற படத்தை, வண்டி எண் பலகையின் நிறத்தைச் சுட்டிக்காட்டி அழித்தார். பெருக்கித் துடைத்த வீடு மாதிரி ஆனது குழு. வாய் கூசாமல் புளுகுகிற செய்திகள் எல்லாம் போய், நிதானமான, அடக்கமான, நம்பும்படியான செய்திகள் மட்டுமே மிஞ்சின.

"மத்த குரூப்புல ஒரே பொய்யா இருக்கும். இங்க பொய் வந்த உடனே அழிச்சிடறாங்க" என்று புதிதாக வந்த ஒருவர் எழுதினார். குழுவில் இப்போது இரண்டாயிரத்து முந்நூறு பேர்.

வெள்ளிக்கிழமை இரவு தராசு சாருக்குச் சரியாகத் தூக்கம் பிடிக்கவில்லை. அந்த மளிகைக் கடைக் கல் நினைவுக்கு வந்தது. எத்தனை வருஷமாக அந்தக் கல்லில் சாமான் வாங்கியிருப்பார்கள்! ஒருவராவது கல்லைத் தூக்கிப் பார்த்திருப்பார்களா? கல்லை யாரும் நிறுப்பதில்லை. மேலே உள்ள முத்திரையைத்தான் பார்க்கிறார்கள். அதையும் சரியாகப் பார்ப்பதில்லை. முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. வாங்குகிற ஒவ்வொரு பொருளையும் தானே நிறுத்துப் பார்க்க முடியுமென்றால், உலகத்தில் முத்திரை போடுகிறவனுக்கு என்ன வேலை?

இந்த யோசனை வேறு எங்கோ போய்ச் சேருகிற மாதிரி இருந்தது. அது போய்ச் சேர்வதற்குள் கண் அயர்ந்துவிட்டது.

*

சனிக்கிழமை கடைசி அம்பை எய்தார்.

"இதுவரை போட்டவர்களில் ஒரே ஒருவருக்கு, போட்ட பணத்தை இன்று மாலைக்குள் திருப்பிக் கொடுத்துக் காட்டுங்கள். லாபம் வேண்டாம். முதல் போதும்."

முதன்முறையாகக் கைதட்டல் வரவில்லை. வழிகாட்டி நெடுநேரம் எதையோ எழுதுவதும் நிறுத்துவதுமாக இருந்தார். கடைசியில், "நாளைக் காலை வரை அவகாசம் வேண்டும் அய்யா" என்று வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டே திறந்து பார்த்தார். 'வழிகாட்டி வெளியேறினார்' என்று ஒரு வரி. காயினின் பக்கத்தைத் திறந்தால் வெள்ளைச் சுவர் மாதிரி வெறும் திரை.

வாயில் நுரையோடு சிரித்தார். "நான் அப்போதே சொன்னேன்" என்று குழுவில் எழுதினார். சட்டையை மாட்டிக்கொண்டு பூட்டுக் கடைக்கு ஓடினார். ஆள் வந்து மெஷினைத் தூக்குவதற்குள் போய்ச் சேரவேண்டும்.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மச்சினன் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு சாவியைப் பல் பல்லாக வெட்டிக்கொண்டிருந்தான்.

"மாப்ள! நிறுத்து! போட்டுட்டியா பணத்தை?"

"எந்தப் பணத்தை மாமா?"

"மேகக் காயின்! ஓடிட்டான் அந்தத் தலைவன்!"

"அதுவா? நீங்க உள்ள நுழைஞ்ச அன்னிக்கு ராத்திரியே நான் வெளிய வந்துட்டேனே."

தராசு சார் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏண்டா?"

"பதினஞ்சு வருஷமா பாக்கறேன். நீங்க ஒரு கடைக்குள்ள போயி மூணு கேள்வி கேட்டா, அந்தக் கடைக் கல்லுல ஓட்டை இருக்குன்னு அர்த்தம். அந்த மூணு கேள்வியைப் படிச்சேன், இங்கயும் ஓட்டைன்னு புரிஞ்சுபோச்சு. மெஷினை வாங்கற ஆளையும் வேணாம்னு சொல்லிட்டேன்."

"துணி போத்தி வெச்சிருந்தியே?"

"எண்ணெய் போட்டேன் மாமா. தூசி விழக்கூடாதுன்னு போத்தினேன்."

"இதை ஏண்டா எங்கிட்ட சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க? தினம் வந்து வாசல்ல நின்னு, மெஷினைப் பாத்து ஒரு சிரிப்புச் சிரிச்சுட்டுப் போயிட்டீங்க. நானும் நல்லாத்தானே சிரிச்சேன்? அங்க உங்களுக்குப் பதவியெல்லாம் குடுத்திருக்காங்கன்னு வேற கேள்விப்பட்டேன். சரி, மாமாவுக்குப் பொழுது போகுது, கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

ஒரு வாரம் காலி வீட்டுக்குக் காவல் காத்தது போலத்தான். ஆனாலும் மெஷின் இருந்தது, மச்சினன் இருந்தான், அடுப்பு எரியும். வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். அவள் அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். அந்த வீட்டில் அதுதான் விருது.

சட்டைப்பையில் செல்போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. பத்து, இருபது, முப்பது. குழுவில் இருந்தவர்கள் நன்றி சொல்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தார். புகழுக்கு மயங்குகிறவர் அல்ல அவர். அதை எடுத்து மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடிவிட்டு, அந்த வாரத்தில் முதன்முறையாக நிம்மதியாகத் தூங்கினார்.

*

திங்கட்கிழமை புதுப்பிப்பு வாரத்தின் முதல் நாள். வியாபாரிகள் தராசையும் கற்களையும் தூக்கிக்கொண்டு வந்து புது முத்திரை வாங்கிப் போகவேண்டிய வாரம். வழக்கமாக முதல் நாளில் நாலு பேர் வந்தால் அதிகம். அபராதத் தேதி நெருங்கினால்தான் மற்றவர்களுக்கு ஞாபகம் வரும்.

அன்று தராசு சார் தெருமுனையிலேயே அசந்து நின்றுவிட்டார். அலுவலக வாசலில் தொடங்கிய வரிசை சுவரை ஒட்டி வளைந்து, பேருந்து நிறுத்தத்தைத் தாண்டி நின்றது. வயதானவர்கள், வேலைக்குப் போகிற பெண்கள், கைக்குழந்தையோடு ஒருத்தி, சீருடை போட்ட ஒரு காவலாளி. அவரைக் கண்டதும் வரிசை மொத்தமும் ஒரு அலைபோல நிமிர்ந்தது.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இருபத்தாறு வருஷத்தில் ஜனங்கள் தாங்களாகவே, அளவு சரியாக இருக்கவேண்டும் என்று முதல் நாளே வந்து நிற்பது இதுதான் முதல் தடவை. நேர்மை மெதுவாகத்தான் பரவும், ஆனால் பரவும் என்று நினைத்துக்கொண்டார். எல்லோரையும் பார்த்துத் தலையசைத்தபடி பின்வாசல் வழியாக உள்ளே போனார்.

மேசையில் தாளை விரித்தார். ஈயத்தை உருக்க அடுப்பைப் பற்றவைத்தார். சுத்தியலையும் முத்திரை அச்சையும் எடுத்து வைத்து, கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

"முதல் ஆளை உள்ள அனுப்பும்மா. தராசை மேசை மேல வெக்கச் சொல்லு."

உதவியாளர் அம்மா கதவைத் திறந்து வெளியே போனார். போனவர் வரிசையின் கடைசி வரை நடந்து பார்த்திருக்கவேண்டும், அவ்வளவு நேரம் ஆயிற்று. திரும்பி வந்து கதவைச் சாத்தி, அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார்.

"யாரு கையிலயும் தராசு இல்ல சார். எல்லாரு செல்போன்லயும் உங்க படந்தான் இருக்கு."